ஐ.பி. கொடுத்தவனின் பி.எஃப்.

ஜூலை 7, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். சம்பள நாள். நாள் பூரா சட்டை மடிப்பு, காலருக்கு அட்டை வைப்பு. பி.எஃப். பிடித்தது போக மீதி கைக்கு.

ஷிஃப்ட் விட்டால் கம்பெனி கேட்டில் சரோஜா. எங்கள் ஏரியா நீலசந்திராவில் நான் சீட்டு நடத்தியபோது, தக்காளி வண்டி தள்ளி மகள் கல்யாணத்துக்கென்று கட்டியவள். சீட்டு எடுத்தவர்கள் ஓடிப்போக, நான் கோர்ட்டில் ஐ.பி. கொடுத்துத் திவால். அன்றிலிருந்து மாசாமாசம் இந்தத் தரிசனம்.

"குடையும் கையுமா எனக்காகவா நிக்கிறே? எங்க வீட்டுக் கனகம் பார்த்தா சந்தேகப்படுவாம்மா."

"உனக்கு வாய் மட்டும் திவால் ஆகலண்ணா. பி.எஃப். பிடிக்கிறாங்களாமே, அதுவும் சீட்டுதானே? ஏலத்துல தள்ளி எடுத்து எனக்குக் குடு."

சிரித்து மழுப்பினேன். பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 8, புதன்
ஆபீஸ் ரூபாவிடம் கேட்டேன். கன்னடப் பெண், தாத்தா என்பதற்கு என்னை அஜ்ஜா என்பாள்.

"முழுசா எடுக்கணும்னா வேலையை விடணும் அஜ்ஜா. பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இப்போ விட்டா அது போச்சு. நீங்க போனப்புறம் அம்மாவுக்கு வர்றதும் போச்சு."

"கடன்காரங்க கோர்ட்டுல கேட்டா?"

"கேட்கட்டும். அந்தக் காசைக் கோர்ட்டும் தொடாது."

வீட்டில் கனகம் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு வருஷம் ஓட்டினா, நான் செத்தா உனக்குப் பாதி பென்ஷனாம். சீக்கிரம் போகட்டுமா?"

"முதல்ல அந்த ஒரு வருஷத்தை முடி. அப்புறம் உன் இஷ்டம்."

முட்டி வலி. தைலம் தீர்ந்தது.

ஜூலை 10, வெள்ளி
சரோஜாவிடம் நேராகச் சொல்லிவிட்டேன். எடுக்க மாட்டேன், அது கனகத்தின் சோறு. கத்துவாள் என்று பார்த்தேன். இல்லை.

"கடன் குடுத்தவங்க யாரும் தொட முடியாதா?"

"முடியாது."

"உன்னை மாதிரி ஒருத்தன் கவுத்துட்டுப் போக முடியாதா?"

"முடியாதும்மா."

குடையை மடக்கினாள். "அப்போ எனக்கும் அப்படி ஒண்ணு போட்டுக் குடு."

"அதுக்கு இங்க வேலை பார்க்கணுமே."

"பார்க்கிறேன். தக்காளி வண்டியை மக தள்ளட்டும்."

ஜூலை 13, திங்கள்
நூல் வெட்ட ஆள் எடுக்கிறார்கள். கூட்டிப்போனேன். "உங்க தங்கச்சியா அஜ்ஜா?" என்றாள் ரூபா. "இல்லம்மா, கடன்காரி" என்றேன். ரூபா என் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், சேர்த்துக்கொண்டாள்.

சரோஜாவுக்கு என் எதிர் மேஜை. நன்றாக வேண்டும் எனக்கு.

ஆகஸ்ட் 7, வெள்ளி
வெயில். சரோஜாவுக்கு முதல் சம்பளம்.

"பி.எஃப். பிடிச்சுட்டாங்க பார்த்தியா? இனி நீயும் நானும் ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணா? நான் யாரையும் ஏமாத்தல."

ஓவர்டைம் காசைத் தனியாக மடித்து வைத்திருந்தேன், தைலத்துக்கு. மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டினேன். வாங்கி எண்ணினாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

"மீதி?"