நாலு மணிக்கு எழுந்த பெண்

தூங்கும் மகளின் போர்வையை ஒருநாளும் இழுக்காத என் அப்பாவுக்கு,

உங்கள் பொய்யை நேற்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கோபமா?

நான் படித்த பள்ளியிலேயே இப்போது பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இன்னமும் அதிகாலை நாலு மணிக்கு வகுப்பாசிரியர் போன் செய்து பிள்ளைகளை எழுப்புகிற வழக்கம் போகவில்லை. நான் படித்த காலத்தில் அந்தப் போனை நீங்கள்தான் எடுப்பீர்கள், முறைத் தண்ணீர் திருப்ப வயலுக்குக் கிளம்பியபடியே. "எழுந்துட்டா சார், படிச்சுக்கிட்டிருக்கா." பிறகு அறை விளக்கைப் போட்டு, வெளிச்சம் உறுத்தாமல் என் கண்மேல் உங்கள் துண்டை விரித்துவிட்டுப் போவீர்கள்.

"நான்தான் தண்ணிக்காக முழிச்சுக் கெடக்குறேன், அதுவாவது தூங்கட்டும்" என்பீர்களாம் அம்மாவிடம். ஒருநாள் சாரே வண்டியில் வந்து நின்றபோது, "பேச்சுக் கொடுக்காதீங்க சார், படிச்சது மறந்துடும்" என்று வாசலோடு அனுப்பினீர்கள்.

எனக்கு மாலையில்தான் படிப்பு ஏறும். அது உங்களுக்குத் தெரியும், சாருக்குத் தெரியாது. அவர்தான் இப்போது தலைமையாசிரியர். பெற்றோர் கூட்டம்தோறும் என்னை எழுப்பி நிறுத்தி, நாலு மணிக்கு எழுந்த பெண் என்பார். நீங்கள் பொய்யர் ஆகிவிடுவீர்களே என்று மூன்று வருஷம் வாய் திறக்கவில்லை.

செல்வி என்று ஒரு மாணவி. அதிகம் பேசமாட்டாள். அவள் வகுப்பாசிரியராக நானே இரண்டு மாதம் நாலு மணிக்குப் போன் செய்து எழுப்பினேன். இரண்டாம் பீரியடில் தலை மேசையில் சாயும். மார்க்கு இறங்கியது. "தூங்குமூஞ்சி, ஊமை வேற" என்றார்கள் ஆசிரியர் அறையில்.

நேற்றுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவள் அம்மாவிடம், "சுறுசுறுப்பு பத்தலம்மா. டிசி வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க. இந்த டீச்சரெல்லாம் நாலு மணிக்கு எழுந்து..." என்றார்.

"நான் எழுந்ததே இல்லை சார். எங்கப்பா உங்ககிட்ட பொய் சொன்னாரு."

பின்வரிசையில் ஒருவர், "எங்க வீட்லயும் அந்தப் பொய்தாங்க" என்றார். சிரிப்பு. செல்வியின் அம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அப்ப எம்பொண்ணைத் தூங்க விடலாமா டீச்சர்?"

விடலாம் என்றேன்.

அரையாண்டுத் தேர்வு வரை அவளுக்குத் தவணை. என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் துண்டையும் சேர்த்தே எழுதப்போகிறேன்.

தேறிவிடுவாளா அப்பா? தெரியவில்லை. மாலையில் நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் தேறினாலும் தேறாவிட்டாலும், இனி நாலு மணிக்கு என் போன் எந்த வீட்டிலும் அடிக்காது.

நீங்கள் எழுப்பாமல் விட்ட மகள்,
மலர்