உடன் தங்குபவர்

ஜூலை 9, புதன்

எனக்கு விசா வந்துவிட்டது. சனாவுக்கு மறுத்துவிட்டார்கள்.

நான் தாம்பரம், அவள் லாகூர். நாலு வருடமாக ஒரே கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். நேரில் பார்த்ததே இல்லை. அவள் இங்கே வர முடியாது, நான் அங்கே போக முடியாது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வருட விசா தரும் மூன்றாவது நாடு ஒன்றைத் தேடிப் பிடித்தோம். வீடியோ காலில் உட்கார்ந்து விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பினோம். 'உடன் தங்குபவர்' என்ற கட்டத்தில் அவள் என் பெயரைப் போட்டாள், நான் அவள் பெயரை.

மறுநாள் ஸ்டேஷன் பக்கத்து விசா ஏஜென்ட் என்னுடையதைப் பார்த்துவிட்டு, "பாகிஸ்தான் பேரெல்லாம் இன்னாத்துக்கும்மா? எடுத்துடு. அப்பால உனக்குத்தான் பேஜாரு" என்றார்.

எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

இன்று அம்மா கேசரி கிளறினாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சாயந்திரம் சனா கூப்பிட்டாள். அழுவாள் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவளோ சிரிக்கிறாள்.

"நீ கிளம்பு. பால்கனி இருக்கிற வீடா பாரு. நான் அடுத்த வருஷம் மறுபடியும் போடறேன்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம்.

"ஒண்ணுதான் மனசுக்கு ஆறுதலா இருக்கு. என் பேரு இருந்தும் உனக்குக் கொடுத்துட்டாங்க பாரு. அப்போ எனக்கும் என்னைக்காவது கிடைக்கும், இல்ல?"

கேமராவை அணைத்துவிட்டு, ஆமாம் என்றேன்.