மஸ்கட்டில் பார்த்த மழை

7 பிப்ரவரி, வெள்ளி இரவு

படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

இன்று சாலையோரம் நெல் காயப்போட்டிருந்தோம். ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். சுள்ளென்று வெயில். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"பரீதா, நம்ம வலங்கைமானுக்கு நாலு மணிக்கு மழைன்னு போன்ல போட்டிருக்கு. எழுபது சதவீதம். நெல்லை அள்ளி மூடு."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க. ஒரு சொட்டு விழுந்துச்சா? மூடி மூடியே நெல்லு காயல" என்று வெடுக்கெனப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நெல் கிளறிக்கொண்டிருந்த செல்வியைக் கூப்பிட்டுக் குவிக்கச் சொன்னேன்.

"மஸ்கட்டுல பெய்யுற மழைக்கு இங்க தார்ப்பாயாக்கா?" என்று சிரித்தாள்.

மூடி முடித்தோம். நாலு மணி ஆனது. ஆற்றுக்கு அக்கரையில் திடீரென்று வானம் கறுத்தது. மூங்கில் தோப்பே தெரியாத அளவுக்குக் கொட்டித் தீர்த்தது! எங்கள் பக்கம் மண்கூட நனையவில்லை. இருவரும் வாயைப் பிளந்து நின்றோம்.

உடனே அவருக்குப் போன் போட்டேன். "வந்துச்சுங்க! சொன்ன நேரத்துக்கு வந்துச்சு!"

"நெல்லு நனையலையே?"

"நம்ம பக்கம் வரவே இல்லீங்க."

"அப்ப நான் சொன்னது சரியா, தப்பா?"

இரண்டும்தான். அக்கரையிலும் நெல் காயப்போட்டிருந்தார்களே. அவர்களுக்கு யார் போன் செய்திருப்பார்கள்?

செல்வி வீட்டுக்குக் கிளம்பியவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அக்கா, நாளைக்கு என்னவாம்? அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."