மூத்தவனுக்கும் அதே பெயர்

உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்ததும் எண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசனை வந்தது. உங்கள் பெயர் முத்திரைக்கான சிவப்பு மை. சிட்னியில் கையெழுத்தே போதும். ஆனாலும் கொரியாவிலிருந்து கொண்டுவந்த அந்தச் சிறு மரக்குச்சி முத்திரையை நீங்கள் எறியவில்லை. அதன் நுனியில் இரண்டு சீன எழுத்துகள்: யோங், சு.

உங்களால் வாசிக்க முடியாத மொழியில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் அலுவலகக் கடிதம் போலாகிவிடும்.

பழகத் தொடங்கிய காலத்தில், பல்கலைக்கழகக் கன்ரீனில், கடதாசியில் உங்கள் பெயரை எழுதிக் காட்டினீர்கள். கொரிய எழுத்தில் அது இரண்டு வட்டங்களும் சில கோடுகளும். "இது ஒலி மட்டும். பொருள் வேண்டுமென்றால் சீன எழுத்தைப் பார்க்க வேண்டும்." அதே ஒலியை வேறு எழுத்துகளில் எழுதினால் சிறந்தவன் என்று பொருள் வருமாம். உங்களுடையதற்கு நீண்ட ஆயுள். நல்ல பெயர் என்றேன்.

"எனக்கு வைத்ததல்ல" என்றீர்கள்.

உங்களுக்கு இரண்டு வருடம் முன் பிறந்த அண்ணன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான். அந்த மரணத்தை வீட்டார் பதியவில்லை. பிறகு நீங்கள் பிறந்தபோது அவனுடைய பிறப்புப் பதிவையே உங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். பெயரும் எழுத்தும் பிறந்தநாளும் அவனுடையவை. உங்கள் ஐம்பதாவது பிறந்தநாளில், "கேக் எனக்கு, மெழுகுதிரியில் இரண்டு அவனுக்கு" என்று சிரித்தீர்கள். மற்றவர்களுக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சிரிக்கவில்லை. "கல்லறைக் கல்லில் அந்த வட்டங்களை மட்டும் போடு. சீன எழுத்து அவனுடையது. செத்த பிறகாவது நான் தனியாக இருக்க வேண்டும்."

உங்கள் செத்தவீட்டுக்குப் பென்டில் ஹில்லிலிருந்து வந்த அன்ரி கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பிள்ளை, உம்மட மனுசன்ர பேருக்கு என்ன கருத்து?"

"நீண்ட ஆயுள், அன்ரி."

"ஐயோ, உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

அடுத்த கிழமை கொரியாவிலிருந்து உங்கள் தம்பி தொலைபேசியில் வந்தார். "அண்ணி, அம்மா கல்லில் சீன எழுத்தைத்தான் பொறிக்கச் சொல்கிறார்." உங்கள் விருப்பத்தைச் சொன்னேன். பின்னால் உங்கள் அம்மாவின் குரல் கேட்டது. தம்பி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "அந்தக் காலத்தில் கைக்குழந்தைகளுக்குக் கல் வைப்பதில்லை. மூத்தவனைப் புதைத்த மலைச்சரிவில் இப்போது வீதி ஓடுகிறது. அவனுடைய பெயர் ஒரு கல்லிலாவது இருக்கட்டும் என்று கேட்கிறார்."

பெயருக்குச் சக்தி உண்டென்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. உங்கள் ஈரலில் வந்த நோய்க்கும் அந்த எழுத்துகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் கல் வெட்டுபவர் அழைத்தபோதெல்லாம் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஒரு பக்கம் உயிரோடிருக்கும் கிழவி. மறுபக்கம் நீங்கள் கடைசியாகக் கேட்டது.

வட்டங்களையே போடச் சொன்னேன். அதன்பின் உங்கள் அம்மா என்னோடு பேசவில்லை. அவர்மீது எனக்குக் கோபமில்லை. செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்; அதனால் மனம் லேசாகவில்லை.

நீங்கள் கேட்டபடியே கல்லில் தனியாக இருக்கிறீர்கள். உட்காரக்கூடப் பழகாத அந்தப் பிள்ளை என்னிடம் வந்துவிட்டான். ரயிலிலும் வேலையிலும், கடைப் பலகையில் ஏதாவது சீன எழுத்தைக் கண்டாலும் அவன் நினைவு வருகிறது. அவன் முகத்தைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவர் உங்கள் அம்மா மட்டுமே. அவருக்குப் பிறகு அவனை நினைக்க ஒருவர் வேண்டும். அதை நான் செய்கிறேன்.