மூன்றாம் பெட்டிக்கு முன் நான்காம் பெட்டி

மார்ச் 4, சனி

மதியக் காட்சி. இத்தாலியப் படம். இரண்டு மணி நேரம் ஏழைகள் அழகாக நடந்துகொண்டே இருந்தார்கள். வறுமையை இவ்வளவு நல்ல வெளிச்சத்தில் காட்டினால் யாருக்கும் கோபம் வராது. அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது.

விளக்குப் போட்டபோது எங்கள் திரைப்படக் கழகச் செயலாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது சினிமா இல்ல சார், வெங்காயம்" என்றேன். அரங்கம் சிரித்தது. நான் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். அதற்காகத்தான் திறக்கிறேனா?

பேருந்தில் அவன் சொன்னான்: "அந்த அப்பாவா நடிச்சவருக்குக் கீழ்வரிசை பூரா கட்டுன பல்லு. கழண்டுடுமோன்னு பயந்து பயந்து பேசியிருக்காரு, பாவம்."

என் கணவன் செயற்கைப் பல் செய்கிறவன். உலக சினிமா முழுவதையும் வாய்வழியாகவே பார்த்து முடித்துவிடுவான்.

மார்ச் 7, செவ்வாய்

பிரெஞ்சுப் படங்களில் எல்லோரும் காதலைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒருவரும் பாத்திரம் கழுவுவதில்லை. நான் தப்பான இடத்தில் பிறந்துவிட்டேன்.

மார்ச் 11, சனி

கடைசியில் ஒரு படம்!

ஹங்கேரி. கறுப்பு வெள்ளை. வசனம் மிகக் குறைவு, அடியில் மொழிபெயர்ப்பு வரியும் இல்லை. காப்பகத்திலிருந்து ஐந்து தகரப் பெட்டிகளில், பெட்டிக்கு ஒரு பிலிம் சுருளாக வந்த பழைய பிரதி. பாலத்தைக் காவல் காக்கும் ஒருவன், அவன் மனைவி, அவன் அண்ணன். அவ்வளவுதான் ஆட்கள்.

நடுவில் காலம் உடைகிறது. காவலாளிக்கு முன்பல் இல்லை, வீட்டில் மனைவி இல்லை, அவள் நாற்காலி காலி. ஏனென்று சொல்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பல் இருக்கிறது. மனைவி அதே நாற்காலியில் உட்கார்ந்து தலை வாருகிறாள். அதற்குப் பிறகுதான் அண்ணன் இரும்புக் கம்பியால் அடிக்கிறான், பல் விழுகிறது, அவள் சீப்பை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள். காயம் முதலில், அடி பிறகு. இதைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

கலந்துரையாடலில் இதைச் சொல்லி முடித்தேன். அமைதி. நல்ல அமைதி. அப்போது பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. அவனுடையது! இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடப் பேசாதவன்.

"எனக்கு ஒரு சந்தேகம். மூணாவது பெட்டியும் நாலாவது பெட்டியும் மாறிப்போச்சோன்னு... முதல்ல அவருக்கு மேல் முன்பல்லு இல்ல. அப்புறம் இருக்கு. அப்புறம் அடி வாங்கி விழுது. விழுந்த பல்லு மறுபடி முளைக்காதே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காத்திருந்தார்கள்.

"பல்லு முளைக்காதுதான். சில பேருக்கு மூளையும் அப்படித்தான்" என்றேன். "நாளைக்கு உன் லேப்ல அந்தாளுக்கு ஒண்ணு கட்டிக் குடுத்துடு. படம் சரியாயிடும்."

செயலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவனும் சிரித்தான். உட்கார்ந்து, நகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத்தூளைச் சுரண்டத் தொடங்கினான்.

மார்ச் 12, ஞாயிறு

ஒரே மூச்சில் பதினான்கு பக்கம். தலைப்பு: 'அடிக்கு முன் வந்த வலி'.

எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேனாம். தூக்கத்தில் பல் தேயாமலிருக்க மாட்டிக்கொள்ளும்படி அவன் செய்து தந்த தகட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். எனக்கு எரிச்சலாக வந்தது. நல்லவர்களோடு ஒரே அறையில் இருப்பது எவ்வளவு அலுப்பு.

ஏப்ரல் 1, சனி

கழகத்தில் அவனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. "வாங்க பல்லுக்காரரே, இன்னைக்குக் கதாநாயகிக்குச் சொத்தை உண்டா?" செயலாளர்தான் ஆரம்பித்தார். இப்போது டீ கொடுப்பவர்வரை.

ஸ்வீடன் படம். கடவுள் பேசவில்லை என்று ஒன்றரை மணி நேரம் புலம்பினார்கள். அவர்கள் வாயை மூடியிருந்தால் ஒருவேளை பேசியிருப்பார்.

ஏப்ரல் 13, வியாழன்

கட்டுரை காலாண்டிதழில் வந்துவிட்டது. திரைப்பட விழாக் குழுவிலிருந்து கடிதம்: ஜூனில் அதே பிரதியைத் திரையிட்டு, நான் உரையாற்ற வேண்டும். முந்நூறு பேர்.

அவன் இதழைக் கையில் வாங்கி நின்றுகொண்டே முழுவதும் படித்தான். "நல்லா எழுதியிருக்க" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். அப்படியானால் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 22, சனி

ஆபரேட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புரொஜெக்டர் அறை, சூடான எண்ணெய் வாடை. ஐந்து பெட்டிகளும் தரையில் திறந்து கிடந்தன.

"தப்பு என் மேலதாம்மா. பிரதி வந்தப்போ ரெண்டு பெட்டியில ஒட்டின நம்பர் சீட்டு கழண்டு கிடந்துச்சு. நான் மாத்தி ஒட்டிட்டேன். விழாவுக்கு அனுப்பணுமேன்னு இன்னைக்கு எடுத்துப் பார்த்தா, பிலிம் ஓரத்துலயே நம்பர் இருக்கு. உங்க வீட்டுக்காரர் சொன்னது சரி."

குனிந்து அந்த எண்ணை நானே பார்த்தேன்.

"வேற யாருக்குத் தெரியும், அண்ணே?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"அப்படியே இருக்கட்டும். விழாவிலயும் நீங்கதான் ஓட்டப்போறீங்க. பழைய வரிசையிலயே ஓட்டுங்க."

"அது தப்பில்லையாம்மா?"

"சீட்டை மாத்தி ஒட்டினது யாருன்னு செயலாளர்கிட்டச் சொல்லட்டுமா?"

அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினார். என்னைவிட இரண்டு மடங்கு வயது.

ஏப்ரல் 23, ஞாயிறு

சொல்லலாம். என்ன ஆகிவிடும்? பதினான்கு பக்கம் போகும். அவ்வளவுதானே. அவ்வளவுதானா? அந்தப் பதினான்கு பக்கத்துக்கு வெளியே நான் யார்? அரங்கத்தைச் சிரிக்க வைக்கிறவள்.

மே 20, சனி

அவனுக்குத் தெரியும். ஆபரேட்டர் மனசு கேட்காமல் லேப்புக்கே போய்ச் சொல்லிவிட்டாராம். ஒரு மாதமாகத் தெரியும். ஒரு மாதமாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்!

இன்று மெழுகில் ஒரு கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்: "விழாவில ஒரு வரி சொல்லிடேன். பெட்டி மாறிப்போச்சு, அப்படிப் பார்த்ததுல எனக்கு இது தோணுச்சுன்னு. அதுவும் நல்லாத்தானே இருக்கு? என் பேரெல்லாம் வேண்டாம்."

நல்லாத்தான் இருக்கிறது. எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

"சொல்றேன்" என்றேன்.

"நிஜமா?"

"நிஜமாத்தான்டா."

சிரித்தான். மெழுகைக் காட்டினான். எவ்வளவு சின்னப் பள்ளங்கள், எவ்வளவு சரியாக.

ஜூன் 10, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படம் பழைய வரிசையில் ஓடியது. நான் பேசினேன். அந்த ஒரு வரி காகிதத்தில் இருந்தது, மூன்றாம் பக்கத்தின் அடியில். அந்த இடம் வந்தபோது அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், பெட்டி மாறியிருக்க வாய்ப்பு உண்டா?"

அதுவும் ஒரு வாசல். திறந்தே கிடந்தது.

"இந்தக் கேள்வியை இதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான் கேட்டிருக்கார்" என்றேன். "பல் செட் செய்யறவர். மூணாவது வரிசையில இருக்கார். எழுந்து நில்லேன், உன் கட்சிக்கு ஆள் கிடைச்சாச்சு."

முந்நூறு பேர் சிரித்தார்கள். மாணவி முகம் சிவந்து உட்கார்ந்தாள்.

அவன் எழுந்து நின்றான். நான் சொன்னேன் என்பதற்காக. எல்லோரும் சிரித்து ஓயும்வரை நின்றான். கைதட்டல் தொடங்கிய பிறகு உட்கார்ந்தான். அவனும் தட்டினான்.

ஜூன் 11, ஞாயிறு

என் துணியையும் சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டான்.

ஜூன் 14, புதன்

காலையில் ஒரு பையோடு நின்றான். லேப்புக்கு மேலே ஓர் அறை இருக்கிறதாம்.

"ஒரு ஜோக்குக்காகவா?" என்றேன்.

"மார்ச்சுல நீ சொன்னப்போ உனக்குத் தெரியாது. அதனால நானும் சிரிச்சேன்." செருப்பை மாட்டினான். "இப்போ தெரிஞ்சே சொன்ன."

வாசலில் திரும்பி, "தகட்டைத் தண்ணியில போட்டு வை. காஞ்சா விரிசல் விடும்" என்றான்.

போடா. உன் நல்லதனமும் நீயும். போ.

ஜூன் 25, ஞாயிறு

தகடு விரிசல் விட்டுவிட்டது. தாடை வலியோடு விழித்தேன்.

ஜூலை 1, சனி

கழகத்தில் என் அடுத்த உரையைப் பற்றிக் கேட்டார்கள். செயலாளர், "எங்க நம்ம பல்லுக்காரர்?" என்றார். வேலை அதிகம் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது.

ஜூலை 8, சனி

பிரதி திங்களன்று காப்பகத்துக்குத் திரும்புகிறது. காலை பத்து மணிக்குப் போய், சரியான வரிசையில் ஒருமுறை ஓட்டச் சொன்னேன். ஆபரேட்டர் பெட்டிகளை அடுக்கினார். காலி அரங்கில் நான் மட்டும்.

சாதாரணப் படம். அண்ணன் அடிக்கிறான், பல் விழுகிறது, மனைவி சீப்பை எடுத்துக்கொண்டு போகிறாள். நான்காம் பெட்டி முழுக்க நாற்காலி காலி. ஐந்தாம் பெட்டியிலும் காலி. காவலாளி நாக்கால் அந்தப் பள்ளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். இதை நான் முன்பு கவனிக்கவில்லை. அவன் கவனித்திருப்பான்.

படம் முடிந்தும் நான் எழவில்லை. மேலே சிறு ஜன்னலில் ஆபரேட்டரின் தலை தெரிந்தது.

"மூடிடலாமாம்மா?"

"இன்னொரு தடவை ஓட்டுவீங்களா, அண்ணே?"

"இதே வரிசையிலயா?"

"இல்ல. பழைய மாதிரி."

ஜன்னலிலிருந்து தலை மறைந்தது. பிறகு பெட்டிகளை நகர்த்தும் ஒலி கேட்டது. மனைவி திரும்பி வரும்வரை பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.