மதியத் தூக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

எங்களுக்கு இரவு ஷிப்ட், பகலில்தான் தூக்கம். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தகடு வெட்டுபவரை அவர் மனைவி தினமும் மதியம் போனில் எழுப்பிப் பேசுவாள். நேற்று அவர் வேலையில் கண்ணயர்ந்தார். மெஷின் நான்கு விரலை எடுத்துவிட்டது.

இன்று மதியமும் கட்டிலில் கிடந்த அவர் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"தூங்குறாரா அண்ணே?"

"நல்லா தூங்குறாரு தங்கச்சி."

பொய்யில்லை, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டிருக்கிறார்கள்.

"எழுப்பாதீங்க, இன்னிக்காவது தூங்கட்டும்" என்று சந்தோஷமாக வைத்துவிட்டாள். அவர் கம்பளியையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

நீயும் மதியத்தில் கூப்பிடாதே அம்மா. காதில் வைக்கப் பஞ்சு அனுப்பு. கூடவே உன் கையால் நாலு வரி. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இன்றிலிருந்து அவர் மெஷினை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.