பதினாலாம் அறையின் தவறுகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி மட்டுமே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இந்த வளாகத்திலேயே அப்படி எழுதப்படும் ஒரே நோட்டு இதுவாகத்தான் இருக்கும். மற்றவற்றில் பலவற்றை எழுதுவது நான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

இயற்பியல் கைடின் அட்டைக்குள் இதை வைத்திருக்கிறேன். அதை யாரும் விரும்பித் திறக்கமாட்டார்கள்.

எங்கள் பள்ளி திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது. பாலசமுத்திரத்துக்கு, அதாவது என் வீட்டுக்கு, பழனி போய் பஸ் மாற வேண்டும். அந்தப் பழனி பஸ் கால் மணிக்கு ஒன்று எங்கள் கேட் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. ஊரில் இருந்த பள்ளியை விட்டுப் பதினொன்றாம் வகுப்புக்கு என்னை இங்கே சேர்க்க அப்பாவுக்கு ஒரே காரணம்தான்: "அங்க படிச்சா டாக்டர் ஆயிரலாம் கண்ணு." நான் டாக்டர் ஆக வேண்டும் என்று எப்போது சொன்னேன்? அதை யாரும் கேட்கவில்லை. நூலகம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். இருக்கிறது. சேர்க்கை நாளன்று அப்பாவுக்குத் திறந்து காட்டினார்கள். பிறகு பூட்டிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் உப்புமா. மாலையில் தேர்வு. இரண்டுமே நேற்றையது போலத்தான் இருந்தன.

ஆகஸ்ட் 7, வியாழன்

எங்கள் விடுதியின் பெருமையைப் பற்றி எழுதியாக வேண்டும். அதன் பெயர் சுயபரிசோதனை நோட்டு. ஒவ்வொருவரும் தினமும் படிப்பு நேரம் முடிந்ததும் அன்று செய்த ஒரு தவறை அதில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வார்டன் சுகன்யா மிஸ் எல்லாவற்றையும் படித்து டிக் அடிப்பார். முதல் வாரம் எங்கள் அறையின் எட்டுப் பேரும் ஒன்றுபோல "இன்று தவறு எதுவும் செய்யவில்லை" என்று எழுதினோம். மிஸ் அறைக்கே வந்துவிட்டார்.

"தப்பே செய்யலேன்னு எழுதுனா அதுதான் பெரிய தப்பு. அதுக்குப் பேரு தலைக்கனம்."

சிக்கல் என்னவென்றால், இங்கே தவறு செய்ய நேரமே ஒதுக்கவில்லை. ஐந்து மணிக்கு எழுப்புகிறார்கள். பத்து மணிக்குப் படுக்க வைக்கிறார்கள். நடுவில் ஒரு மனுஷி எங்கே போய்ப் பாவம் செய்வாள்? ஆகவே பதினாலாம் அறைக்குத் தவறுகளை எழுதித் தரும் பொறுப்பு கதைப் புத்தகம் படிக்கிறவள் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பேன். அவரவர் கையெழுத்தில் நோட்டில் ஏற்றிக்கொள்வார்கள்.

பிரார்த்தனையில் ஒரு கண்ணை மட்டும் மூடினேன். கணக்கு சார் திரும்பியதும் கொட்டாவி விட்டேன். சாம்பாரில் கிடந்த கத்திரிக்காயைத் தட்டுக்கு அடியில் ஒளித்தேன்.

இன்று நான்சி என் கட்டிலுக்கு வந்து, "ஏ அம்பிகா, எனக்கு நல்ல தப்பா ஒண்ணு குடு. நேத்து குடுத்தது சப்புன்னு இருந்துச்சு" என்றாள். அவளுக்குப் பொறாமை ஒன்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "யார் மேல?" என்று ஆசையாகக் கேட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெற்றோர் பார்க்க வரும் இரண்டாவது ஞாயிறு. அப்பா வந்தார். மார்க்கைக் கேட்டார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் மார்க்கைக் கேட்டார்.

பக்கத்துக் கட்டில் பொன்னழகுக்கு அவள் அப்பா சிறுமலையிலிருந்து மலைவாழைப்பழம் கொண்டுவந்தார். அதில் மூன்று எனக்கு. அவளும் நானும் ஒரே வகுப்பு. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து அவளுக்கு இங்கே இலவச இடம் கொடுத்திருக்கிறார்கள். "ஒழுக்கத்துல ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் எடம் போயிரும்னு எழுதி வாங்கியிருக்காங்க புள்ள" என்றாள். எங்கள் அறையிலேயே உண்மையில் படிப்பதற்காக வந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற நாங்கள் அனுப்பப்பட்டவர்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தவறுகளுக்குக் கடும் தட்டுப்பாடு. கொட்டாவியை நான்கு முறை பயன்படுத்திவிட்டேன்.

பொன்னழகு நாளைய தேர்வுக்குப் படித்துப் படித்துக் கண் சொருகிப்போய் உட்கார்ந்திருந்தாள். "ஏதாச்சும் எழுதிக் குடு. எந்திரிக்கிறேன், படிக்கிறேன், தூங்குறேன். எனக்கு எங்க இருக்கு தப்பு?" அவளுக்காகச் சற்று மெனக்கெட்டேன்.

"இன்று வகுப்பு முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் சிறுமலை தெரியும். விளக்கு வைக்கும் நேரம் வரை அங்கே எங்கள் ஊரைத் தேடிக்கொண்டிருந்தேன். படிக்க வேண்டிய நேரத்தை வீணாக்கியதற்கு வருந்துகிறேன்."

மாடிக் கதவு எப்போதும் பூட்டியே இருப்பதால் இது ஆபத்தில்லாத தவறு. 'விளக்கு வைக்கும் நேரம்' என்பது எனக்கே பிடித்திருந்தது. பொன்னழகு பாதித் தூக்கத்தில் பார்த்து எழுதிவிட்டுப் படுத்தாள். நான்தான் வெகுநேரம் தூங்கவில்லை. அவ்வளவு திருப்தி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு



நேற்றிலிருந்து மாடிக் கதவின் சாவியைக் காணவில்லையாம். அது எங்களுக்குத் தெரியாது. இன்று சுகன்யா மிஸ் நோட்டுகளைப் படித்திருக்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் பொன்னழகின் நோட்டைச் சத்தமாக வாசித்தார். என் வாக்கியங்கள். விளக்கு வைக்கும் நேரம் வரை.

"சாவி எங்க?"

"நான் மாடிக்குப் போகல மிஸ்."

"அப்ப இது யாரு கையெழுத்து?"

பொன்னழகு என்னைப் பார்க்கவே இல்லை. "என்னோடதுதான் மிஸ்" என்றாள். அவ்வளவுதான். தொட்டி மேல் ஏறி ஒருத்தி விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று மிஸ் கேட்டார். அவள் அப்பாவைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இலவச இடத்தைப் பற்றி முதல்வர் பேசுவாராம்.

நான் வாயைத் திறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்றேனே. இதையும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காரணங்கள் நிறைய வைத்திருக்கிறேன். நான் சொன்னால் அறையில் எட்டுப் பேரும் மாட்டுவார்கள். சொன்னாலும் நம்பமாட்டார்கள். சாவி தானாகவே கிடைத்துவிடலாம். எல்லாக் காரணங்களும் நன்றாகவே இருக்கின்றன. நானாயிற்றே எழுதினவள்.

குழாயடியில் பொன்னழகிடம் போனேன். "நீ சொல்லிருக்கலாம்ல, அம்பிகாதான் எழுதினான்னு."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ எழுதுன. நீ சொல்லு."

"பயமா இருக்கு."

"உனக்கு இந்த எடம் போனா ஊர்ல வேற பள்ளிக்கூடம் இருக்கு. பஸ்ஸு இருக்கு. எங்க ஊருக்கு பஸ் எம்புட்டுன்னு தெரியுமா? தெனம் எறங்கி ஏறி பிளஸ் டூ படிக்க முடியாது. வீட்டுலதான் இருக்கணும். வாழைக்காடு போகணும்." துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். "பயமாம்."

நான்சி மட்டும் எனக்கு ஆதரவு. "சொல்லாத. சொன்னா என்னோட பொறாமையும் பொய்யின்னு தெரிஞ்சிரும்."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

உயிரியல் வகுப்பு ஜன்னலிலிருந்து கேட் தெரியும். பத்து மணிக்குப் பொன்னழகின் அப்பா வந்துவிட்டார். முதல்வர் டவுனில் கூட்டத்துக்குப் போயிருந்ததால், வரும் வரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு. கரும்பலகையில் தவளைக்கு இதயம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து, கேட்காமல் கொள்ளாமல் வெளியே நடந்தேன். தைரியம் என்று எழுத ஆசைதான். அந்த ஜன்னல் பக்கம் இனியும் உட்கார முடியவில்லை, அதுதான் உண்மை.

சுகன்யா மிஸ் அலுவலக அறையில் தனியாக இருந்தார்.

"மிஸ், பொன்னழகு நோட்டுல இருக்கறது நான் சொல்லிக் குடுத்ததுங்க. அவ மாடிக்கே போகலீங்க."

"யாருக்கெல்லாம் எழுதிக் குடுத்த?"

"ரூம்ல எல்லாத்துக்கும்ங்க."

"எம்புட்டு நாளா?"

"ஜூன்லிருந்துங்க."

"பத்து வாரமா நான் ஒக்காந்து ஒவ்வொண்ணா படிச்சு டிக் அடிச்சது அம்புட்டும் நீ எழுதுனதா?" மிஸ்ஸின் முகத்தில் கோபம் அல்லாத வேறு ஏதோ இருந்தது. பிறகு, "சிநேகிதியக் காப்பாத்த கத விடாத" என்று ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எங்க, எனக்கு ஒரு தப்பு எழுது பாப்போம். அம்புட்டுப் பெரிய ஆளுதான நீ."

கற்பனை செய்யத்தான் உட்கார்ந்தேன். ஒன்றுமே வரவில்லை. ஜன்னலில் பார்த்தது மட்டும்தான் வந்தது. எழுதினேன்:

"இன்று ஒரு மாணவியின் அப்பாவைக் காலை பத்து மணியிலிருந்து கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தேன். அவர் கையில் ஒரு வாழைச்சீப்பு இருந்தது. கீழே வைத்தால் மண் ஒட்டும் என்று கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாற்காலி போடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை."

மிஸ் படித்தார். கேட் பக்கம் திரும்பினார். மறுபடியும் படித்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஷரீஃபாம்மா," என்று ஆயாவைக் கூப்பிட்டார். "வெளில நிக்கிற அண்ணன உள்ள வரச் சொல்லுங்க. சேர் போட்டு மோர் குடுங்க." என்னிடம், "நீ வராந்தால நில்லு" என்றார்.

நின்றேன். மூன்று மணி நேரம். எனக்கும் யாரும் நாற்காலி போடவில்லை, நியாயம்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. விடுமுறை. ஆகவே காலையிலிருந்து தேர்வு.

மதியம் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் வந்து மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை தொட்டியைப் பார்த்துவிட்டு மறந்து பையில் போட்டுக்கொண்டு போனாராம். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் நான் கடைசி வரை கோழையாகவே நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பொன்னழகின் இடம் போகவில்லை! முதல்வர் சொல்லிவிட்டார். ஏன் அப்படி எழுதினாள் என்று திங்கட்கிழமைக்குள் தன் கைப்பட விளக்கக் கடிதம் மட்டும் கொடுக்க வேண்டும். ஃபைலில் வைக்கவாம். ஃபைல் பசியோடு இருக்கிறது போல.

என் அப்பாவையும் வரவழைத்தார்கள். வந்ததும், "ஏனுங்க மேடம், எம்புள்ள பொய்யே சொல்லாதுங்க" என்றார்.

"எட்டுப் பேருக்கும் சேத்து பத்து வாரமா சொல்லியிருக்குங்க ஐயா" என்றார் சுகன்யா மிஸ்.

அப்பா என்னைத் தனியே அழைத்துப்போனார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அத்தனையும் நீயா எழுதுன?" என்றார். தலையாட்டினேன். "அதான் கெமிஸ்ட்ரில மார்க் கொறஞ்சிருக்கு" என்றார்.

தண்டனை: பதினாலாம் அறையிலிருந்து என்னைக் கீழே மாற்றிவிட்டார்கள். வார்டன் அறைக்குப் பக்கத்து அறை. முன்பு உடம்பு சரியில்லாதவர்களைப் படுக்க வைத்த இடம். ஒற்றைக் கட்டில். டெட்டால் வாசனை.

பொன்னழகு இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சுயபரிசோதனை நோட்டு ஒழிந்தது. அதற்குப் பதிலாக அச்சடித்த படிவம். அதில் இருபது தவறுகள் இருக்கின்றன. பொருந்துவதற்கு டிக் அடித்தால் போதும். பதினோராவது, கொட்டாவி. அதை யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 30, சனி

சாப்பாட்டுக் கூடத்தில் பொன்னழகு என் எதிரே உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

படிப்பு நேரம் முடிந்ததும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் பொன்னழகு. கையில் ஒரு முழுத்தாள், பேனா.

"லெட்டர் எழுதணும். நாளைக்குக் குடுக்கணும்."

பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டேன்.

"ஏ, நீ எழுதாத. சும்மா ஒக்காரு. தனியா எழுத ஒரு மாதிரியா இருக்கு, அதான்."

உட்கார்ந்தேன். இரண்டு இடத்தில் நின்று யோசித்தாள். இரண்டு இடத்திலும் எனக்கு நாக்கு நுனியில் சொல் வந்து நின்றது. விழுங்கினேன். எழுதி முடித்து என் பக்கம் திருப்பினாள்.

"நான் மாடிக்குப் போகவில்லை. அம்பிகா எழுதிக் கொடுத்ததை என்ன ஏது என்று பார்க்காமல் எழுதினேன். எனக்கு எழுத வராது என்று நானே நினைத்துக்கொண்டேன். அதுதான் என் தவறு."

நான்கு வரி. நான் எழுதியிருந்தால் இரண்டு பக்கம் ஆகியிருக்கும்.

"சரியா?"

"சரி."

"நெசமா?"

"எதையும் மாத்த வேணாம்."

"நகரு அப்ப," என்று கட்டிலில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். "செத்த நேரம் படுத்துட்டுப் போறேன். மாடி ஏற கால் வலிக்கிது." அடுத்த நிமிடம் தூங்கிவிட்டாள்.

ஒருவர் கட்டிலில் இன்னொருவர் படுக்கக் கூடாது. படிவத்தில் ஏழாவது. சுகன்யா மிஸ் வாசலில் வந்து நின்று அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி விளக்கை அணைத்துவிட்டார்.